கொவிட் காலக் கடனில் இன்னும் சிக்கியிருக்கும் கொழும்புக் கடைக்காரர்களுக்கு

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். ஆறு மெஷின் போட்டு, பிளவுஸும் பாவாடையும் தைத்துப் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒருநாள் பொலித்தீன் பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாம் பேங்க் அனுப்பியவை, எல்லாம் ஆங்கிலத்தில். பாதி உறைகள் பிரிக்கப்படவே இல்லை. 2020 தொடக்கத்தில் 11 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்த கடன் மீதி, புதிதாக ஒரு சதம்கூட வாங்காமலேயே 2021 முடிவில் 13 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. "கட்ட வேண்டாம் என்று அரசாங்கம்தானே தம்பி சொன்னது?" என்று கேட்டார்.

இதே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டார்கள். அவர்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டார்கள். கொழும்பு இரண்டு மாதம் அடைந்து கிடந்தது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியதும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் மறுபடியும் மூடப்பட்டன. வியாபாரிகளைத் தூக்கி நிறுத்த மத்திய வங்கி இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று, தவணை கட்டாமல் இருக்கச் சலுகைக் காலம். மற்றது, 4 வீத வட்டியில் 'சௌபாக்கியா' என்ற தொழில் மூலதனக் கடன். அதற்கு 150 பில்லியன் ரூபாய் வரை ஒதுக்கினார்கள்.

அந்த 4 வீதக் கடன் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இன்றைக்கும் "எடுத்துத் தருகிறேன், கொமிஷன் கொடு" என்று யாராவது வந்தால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சரி, சலுகைக் காலத்துக்கு வருவோம். நாம் மொரட்டோரியம் என்கிறோம். மத்திய வங்கியின் தமிழில் அது 'சட்ட இசைவுத் தாமதம்'. சந்தையில் யாருக்கும் விளங்காத சொல்தான், ஆனால் உண்மை அதற்குள்ளேயே இருக்கிறது: அது தாமதம், தள்ளுபடி அல்ல. தவணை நின்றதே ஒழிய வட்டி நிற்கவில்லை. கட்டாமல் விட்ட வட்டியைப் பிறகு கடனோடு சேர்த்தார்கள். நீட்டிப்புக்கு நீட்டிப்பு கையெழுத்து வைத்தவர்களுக்கு அந்தப் பொதி பெருத்துக்கொண்டே போனது. அப்புறம் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, பேங்குகளின் வட்டிக்கு அடிப்படையாக இருக்கும் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. கடை திறந்து மூச்சு விடத் தொடங்கியவர்களின் தவணை அதோடு கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கையெழுத்து வாங்கும்போது இதையெல்லாம் தமிழில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி என்ன செய்யலாம்? பேங்குகளுக்குள் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. 2021இல் கொவிட்டுக்குப் பிந்திய மீட்சிப் பிரிவு என்று தொடங்கியது. 2024இல் மத்திய வங்கி புதிய வழிகாட்டல் கொடுத்தபின் பெயர் 'பிசினஸ் ரிவைவல் யூனிட்'. தடுமாறும் வியாபாரத்தின் கடனை மறுசீரமைப்பது இதன் வேலை: தவணைக் காலத்தை நீட்டலாம், வட்டியைக் குறைக்கலாம், தண்ட வட்டியில் விட்டுக்கொடுக்கலாம். எவ்வளவு தருவது என்பது பேங்கின் முடிவு. ஆனால் உங்கள் கோரிக்கையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியது அவர்களுடைய பொறுப்பு.

கவுண்டரில் போய் "கடனுக்கு ஏதாவது சலுகை இருக்கா மிஸ்?" என்று கேட்டால் "இப்ப ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். கேட்ட விதம் அப்படி. பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அது ஹெட் ஒபிஸில்" என்பார்கள். ஹெட் ஒபிஸுக்குப் போனால் "உங்கள் பிராஞ்ச் மனேஜரின் கடிதம் வேண்டும்" என்பார்கள். மனேஜர் லீவில் இருப்பார். அந்த அக்கா இப்படி நான்கு தடவை பஸ் ஏறினார். ஒவ்வொரு தடவையும் அரை நாள் தையல் போனது. நான்கு தடவையிலும் அவர் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, எழுத்தில் எதுவும் வாங்கவும் இல்லை. பேங்கின் கணக்கில் அவர் வரவே இல்லை.

அதனால் முதல் நாளே கடிதமாகக் கொடுங்கள். கடன் இலக்கம், எப்போதிலிருந்து கஷ்டம், இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை அடிக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். வாயால் சொன்ன 'இல்லை'யை வைத்து எங்கும் மேன்முறையீடு செய்ய முடியாது. மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமில்லை என்றாலோ, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம், தொலைபேசி 1935. அவர்களும் முதலில் "பேங்குக்கு எழுதினீர்களா?" என்றுதான் கேட்பார்கள். முத்திரை அடித்த பிரதி அங்கேதான் உதவும்.

இப்போது ஆட்களை வடிகட்டிவிடும் இடங்கள். இந்தப் பிரிவு பார்ப்பது வியாபாரக் கடனை. கடைக்காக எடுத்த பணத்தையே "பேர்சனல் லோனாகப் போட்டால் சுருக்காகக் கிடைக்கும்" என்று பேங்க்காரரே சொல்லிப் போடவைத்த கதை நம் ஆட்களிடம் நிறைய உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பேர்சனல் லோன் என்றிருந்தால், பணம் கடைக்குத்தான் போனது என்பதற்கான பில்களைக் கடிதத்தோடு இணையுங்கள். வேலை கடினம்தான், ஆனால் சும்மா போவதைவிட நல்லது. லீசிங் கொம்பனியில் எடுத்த ஓட்டோவுக்கு இந்தப் பிரிவைக் காட்டிப் பயனில்லை. 1935 மட்டும் அங்கேயும் பொருந்தும்.

அடுத்தது வியாபாரப் பதிவு. அப்பா பெயரில் பதிவு, அப்பா இறந்து வருடங்களாகிவிட்டன, மகன் பெயரில் கடன்: புறக்கோட்டை ஒழுங்கைகளில் இது சாதாரணம். கீ மணி, அதாவது வாடகைக்கு மேல் ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்து எடுத்த கடையென்றால் இன்னும் சிக்கல். கட்டட உரிமையாளர் கடிதம் தரப் பயப்படுவார், சோலைவரித் துண்டு அவர் பெயரில் இருக்கும், புதிய பதிவுக்கு இடத்துக்கான அத்தாட்சி கேட்பார்கள். பேங்க் கேட்கும்வரை காத்திருக்காமல் இதை இப்போதே தொடங்குங்கள்.

பிறகு கணக்குப் புத்தகம். விற்பனை முழுவதும் காசாக வந்து காசாகவே போனால், உங்கள் வியாபாரம் உயிரோடு இருப்பது பேங்குக்குத் தெரியாது. அந்த அக்காவுக்கு மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஓடர் வந்துகொண்டிருந்தது. கணக்கில் தெரிந்தது 9,000 ரூபாய். குறைந்தது ஆறு மாதமாவது விற்பனைக் காசைக் கணக்கில் போட்டு எடுங்கள்.

மூன்று மாதத் தவணை தவறினால் அது செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகக் கட்டப்படாத கடன், என்று பேங்கின் பதிவில் ஏறிவிடும். அதற்கு முன்னால் போய்ப் பேசுவதற்கும் பின்னால் போய்ப் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. "கிரிப்பில் உன் பெயர் கறுப்புப் பட்டியலில்" என்று யாராவது வெருட்டினால் நம்ப வேண்டாம். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். அது அப்படியொரு பட்டியல் வைத்திருப்பதில்லை, கடன் வரலாற்றை மட்டும் காட்டுகிறது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டினால் திருத்தச் சொல்லலாம்.

பராட்டே என்ற சொல்லைக் கேட்டு வீட்டை விற்க ஓடியவர்களும் உண்டு. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் இந்தப் பராட்டே அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் பேங்குகளுக்கு உண்டு, அது உண்மை. ஆனால் வட்டியும் தண்டமும் சேர்க்காமல், வாங்கிய கடனின் முதல் (அசல்) 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வழியில் ஏலம் போட முடியாது. பேங்க் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சின்னக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள்தான் வருவார்கள். இதைச் சொல்லாமல் வெருட்டுகிறவர்களிடம், சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுசீரமைப்புக் கடிதம் கைக்கு வந்தால், சந்தோஷத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று விஷயம் பாருங்கள்: இதுவரை ஏறிய வட்டி முதலோடு சேர்கிறதா, வட்டி நிலையானதா மாறக்கூடியதா, பழைய பிணையாளர்களிடம் புதிதாகக் கையெழுத்துக் கேட்கிறார்களா. மூன்றாவது இருந்தால், அவர்களிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அக்காவின் பிணையாளர் அவருடைய மச்சான். அவருக்கு விஷயம் தெரிந்தது பேங்க் கடிதத்தில்தான், இன்றுவரை அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.