மணல் வாளிக்குள் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள்

மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டாத வேதியியல் ஆசிரியர் அநேகமாக இருக்கமாட்டார். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதை அணைப்பது எப்படி என்று மட்டும் நாம் காட்டுவதில்லை. நானும் பல வருடம் காட்டவில்லை.

ஒருநாள் எரிகிற துண்டு இடுக்கியிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. முன்வரிசைப் பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேவிட்டான். கையைப் பிடித்துத் தடுத்தேன். அவன்மேல் தப்பில்லை, தீ என்றால் தண்ணீர் என்றுதானே வீட்டில் பழகியிருக்கிறான்! எரியும் மெக்னீசியம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். அதுவும் சேர்ந்து எரியும். 1955இல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில், மெக்னீசியக் கலப்பு உலோக உடல் கொண்ட கார் பற்றியபோது தண்ணீர் அடித்துத் தீயைப் பெரிதாக்கினார்கள்.

சரி, மணல் வாளிக்கு ஓடினேன். மேலே பேனா மூடி, கடலைத்தோல். அடியில் மழை ஒழுகி நசநசவென்று ஈரம். ஈர மணலைப் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான். நல்லவேளை, அதற்குள் துண்டு எரிந்து முடிந்திருந்தது. மேசையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது முதல்நாளே மணலைச் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன். மறுநாள் கண்ணாடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, விரல் நீள நாடாவைக் கொளுத்தி கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய ஜாடிக்குள் இறக்குவேன். அணையும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அது சடசடவென்று எரிந்துகொண்டே இருக்கும். உள்சுவரில் கரும்புள்ளிகள் ஒட்டும். அவ்வளவும் அந்த வாயுவிலிருந்து பிரிந்த கரி. வராந்தாவில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இங்கே ஏன் உதவாது என்பதற்கு அப்புறம் விளக்கமே தேவைப்படாது.

அடுத்த துண்டை மணல் பரப்பிய இரும்புத் தட்டில் வைத்து, நீளக் கரண்டியால் ஓரத்திலிருந்து மெதுவாக மூடுவேன். மணலை வீசினால் எரியும் துணுக்குகள் சிதறும். லித்தியத்துக்கு மட்டும் இந்த மணல் வைத்தியம் ஆகாது. அது மணலோடேயே வினைபுரியும், கிராஃபைட் பொடிதான் வேண்டும்.

"அணைஞ்சிடுச்சா சார்?" என்று யாராவது குச்சியோடு வருவார்கள். விடமாட்டேன். சூடான உலோகத்தில் காற்று பட்டால் மறுபடி பற்றலாம். அடுத்த பீரியட் முடியும்வரை தட்டு என் மேசையிலேயே இருக்கும்.