காலாவதியான டொமைன் யார் கையில் இருக்கிறது?

நம் இணையதளத்துக்கு ஆசைப்பட்ட பெயரைத் தேடிப் பார்க்கிறோம். யாரோ ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தளம் திறக்கவில்லை, காலாவதித் தேதியும் நெருங்கிவிட்டது. அன்றைக்குக் காலையிலேயே உட்கார்ந்து வாங்கிவிடலாம் என்று தேதியைக் குறித்து வைக்கிறோம். அந்த நாள் வருகிறது, பெயர் கிடைக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தால் காலாவதித் தேதி ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. சரி, உரிமையாளர் புதுப்பித்துவிட்டார் போல என்று விட்டுவிடுகிறோம்.

பலர் நல்ல பெயரைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். உரிமையாளர் எதையும் புதுப்பிக்காமலே தேதி தள்ளிப் போயிருக்கலாம்.

டொமைன் பெயரை நமக்கு விற்கும் நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். அதற்கு மேலே, டாட் காம் போன்ற ஒரு வகைப் பெயர்கள் அத்தனைக்கும் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது ரிஜிஸ்ட்ரி. டாட் காமுக்கும் டாட் நெட்டுக்கும் அது வெரிசைன் நிறுவனம். காலாவதி நாளில் உரிமையாளர் பணம் கட்டவில்லை என்றாலும், ரிஜிஸ்ட்ரி தானாகவே பெயரை ஒரு வருடம் நீட்டி, அதற்கான தொகையை ரிஜிஸ்ட்ரார் கணக்கில் எழுதிவிடும். 45 நாட்களுக்குள் ரிஜிஸ்ட்ரார் அந்தப் பெயரை அழித்தால் தொகை திரும்பக் கிடைக்கும். தள்ளிப் போன தேதிக்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆகவே தேதியை நம்பாமல் பெயரின் நிலையைப் பார்க்க வேண்டும். பெயரின் பதிவு விவரங்களை முன்பு ஹூயிஸ் என்ற சேவையில் தேடியது இப்போது ஆர்.டி.ஏ.பி. என்ற முறைக்கு மாறிவிட்டது. அதில் ஒவ்வொரு பெயருக்கும் நிலைக்குறிப்பு இருக்கும். 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தால் பெயர் இந்த 45 நாள் இடைவெளியில் நிற்கிறது.

ஜனவரி 1 அன்று முடியும் ஒரு டாட் காம் பெயரை எடுத்துக்கொள்வோம். ரிஜிஸ்ட்ரார் 45 நாளையும் முழுதாக எடுத்துக்கொண்டால் பிப்ரவரி 15 ஆகிவிடும். ரிஜிஸ்ட்ரார் அழித்த பிறகும் உரிமையாளர் பெயரைத் திரும்பப் பெறக்கூடிய மீட்புக் காலம் 30 நாள், மார்ச் 17 வரை. கடைசியாக 'பெண்டிங் டிலீட்' என்கிற, நீக்கத்துக்குக் காத்திருக்கும் 5 நாள். பெயர் உண்மையிலேயே விடுபடுவது மார்ச் 22 வாக்கில், அதாவது 80 நாள் கழித்து. ரிஜிஸ்ட்ரார் சீக்கிரம் அழித்துவிட்டால் இது குறையும். நாட்டுக் குறியீட்டில் முடியும் பெயர்களுக்கு அந்தந்தப் பதிவேட்டின் விதிகள் தனி. அவற்றைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 80 நாளில் மிக முக்கியமானது முதல் கட்டம். ஆனால் பெரும்பாலோர் கண் வைப்பது கடைசி 5 நாளில். நாலு பேர் விரும்பக்கூடிய பெயர் என்றால் ரிஜிஸ்ட்ரார் பெரும்பாலும் அதை அழிக்கவே விடாது. 45 நாள் இடைவெளி முடிவதற்குள்ளேயே தன் ஏலத்திலோ, கூட்டாளி நிறுவனத்தின் ஏலத்திலோ போட்டுவிடும். ஏலம் எடுத்தவர் பெயருக்குப் பெயர் நேரடியாக மாற்றித் தரப்படும், பதிவேட்டிலிருந்து அது நீங்குவதே இல்லை. அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தப் பெயர் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது என்பதைத்தான். அந்த ரிஜிஸ்ட்ரார் காலாவதியான பெயர்களை எங்கே ஏலம் விடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய உரிமையாளர் வந்து பணம் கட்டினால் பெயர் அவருக்கே போய்விடலாம்.

உரிமையாளருக்கு இத்தனை அவகாசம் ஏன் என்று கோபம் வரலாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குக் கட்டணம் கட்ட மறந்துபோனது. ஹாட்மெயிலுக்குள் நுழையும் வழியே அந்தப் பெயரில்தான் இருந்தது. பலருக்கு அஞ்சல் திறக்கவில்லை. நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மென்பொருள் நிரலர் தன் பணத்தில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மறதி வரும் என்றால் தனி ஆளைச் சொல்ல வேண்டாம். இப்போது காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, பிறகு முடிந்த 5 நாளுக்குள் என மூன்று முறை ரிஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. மீட்புக் காலத்தில் வழக்கமான கட்டணத்தோடு தனியாக மீட்புத் தொகையும் கட்டி உரிமையாளர் பெயரைத் திரும்பப் பெறலாம். வேறு யாரும் அப்போது தொட முடியாது.

பெண்டிங் டிலீட் வந்துவிட்டால் உரிமையாளரும் தொட முடியாது. இனி விடுபடும் நொடிக்கான போட்டிதான். டாட் காம் பெயர்கள் வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பகல் 2 மணியிலிருந்து வரிசையாக அழிக்கப்படுகின்றன. எந்தப் பெயர் எந்த நொடியில் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை.

அந்த நேரத்தில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ரிஜிஸ்ட்ராரின் கணினி இ.பி.பி. என்ற மொழியில் ரிஜிஸ்ட்ரியோடு பேசுகிறது. "இந்தப் பெயரை உருவாக்கு" என்று கட்டளை போகும். பதிலாக 2302 என்ற எண் வரும். பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்துக்குள் மறுபடி கேட்கும், மறுபடி 2302. இப்படியே பல ரிஜிஸ்ட்ரார்களின் கணினிகள் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரே ஒருவருக்கு மட்டும் 1000 என்று பதில் வரும். வேலை முடிந்தது, பெயர் அவருடையது. மற்றவர்களுக்கு மீண்டும் அதே 2302 தான். முன்பு இருந்தது பழைய உரிமையாளரின் பெயர், இப்போது இருப்பது புதியவருடையது. இரண்டுக்கும் நடுவில் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த அந்தத் துளி நேரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

விசைப்பலகை முன் உட்கார்ந்திருக்கும் நாம் இதில் ஜெயிக்க வழியில்லை. ஒவ்வொரு ரிஜிஸ்ட்ராரும் ரிஜிஸ்ட்ரியோடு வைத்துக்கொள்ளக்கூடிய இணைப்புகளுக்கு வரம்பு உண்டு. அதனால் பெயர் பிடிக்கும் நிறுவனங்கள் ஒரு ரிஜிஸ்ட்ரார் உரிமத்தோடு நிற்பதில்லை. டிராப்கேட்ச் போன்றவை நூற்றுக்கணக்கில் உரிமங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. உரிமம் கூடக் கூட இணைப்பும் கூடும், வாய்ப்பும் கூடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் பேக்-ஆர்டர். பல இடங்களில் பெயர் கிடைத்தால் மட்டும் பணம் என்பதால், ஒரே பெயருக்கு இரண்டு மூன்று நிறுவனங்களில் சொல்லி வைக்கலாம். ஒரே நிறுவனத்தில் பலர் கேட்டிருந்தால் அங்கேயும் ஏலம்தான். யாரும் கவனிக்காத நீளமான பெயர் என்றால் இந்தச் செலவு வேண்டாம், விடுபட்ட பிறகு சாதாரணமாகவே பதிவு செய்துகொள்ளலாம்.

பணம் கட்டும் முன் பெயரின் பழைய வாழ்க்கையைப் பாருங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தத் தளம் முன்பு எப்படி இருந்தது என்று தெரியும். ஸ்பாம் அனுப்பப் பயன்பட்ட பெயர் என்றால் நீங்கள் அனுப்பும் அஞ்சலும் தடைப்பட்டியலில் மாட்டும். பழைய தளத்தின் மதிப்பை வைத்துத் தேடலில் மேலே வரலாம் என்று வாங்குவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் சேர்த்துவிட்டது. இன்னொருவருடைய வணிக முத்திரை (டிரேட்மார்க்) என்றால் விடுபட்டிருந்தாலும் தொடாதீர்கள், டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யு.டி.ஆர்.பி. நடைமுறையில் அவர் அதைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பழைய பெயரோடு பழைய உறவுகளும் கூடவே வரும். 2024இல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காலாவதியான ஒரு பெயரை 20 டாலருக்கு வாங்கியது. ஒரு காலத்தில் டாட் மோபி பெயர்களுக்கான ஹூயிஸ் சேவை அந்த முகவரியில்தான் இருந்தது. சேவை வேறிடம் போய்விட்டது தெரியாமல் 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அங்கேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தன. நீங்கள் வாங்கும் பெயருக்கும் யாரோ ஒருவரின் வங்கிக் கடிதமோ கடவுச்சொல் மாற்றும் இணைப்போ வரக்கூடும். முன்பிருந்தவர்களின் முகவரிகளுக்கு வரும் அஞ்சலை ஏற்காமல் திருப்பி அனுப்பும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

போட்டியில் தோற்றாலும் 5 நாள் கவனித்துக்கொண்டே இருங்கள். புதிதாகப் பதிவான பெயரை முதல் 5 நாளுக்குள் ரிஜிஸ்ட்ரார் அழித்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதை வைத்துப் பெயர்களைச் சில நாள் ருசி பார்த்து, லாபம் தராதவற்றைத் திருப்பித் தருவது ஒரு தொழிலாகவே நடந்தது. 2009 முதல் இப்படிக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் பெயர்களின் எண்ணிக்கைக்கு மாத வரம்பு வந்துவிட்டது, ஆனாலும் 5 நாளுக்குள் அழிப்பது முழுதாக நிற்கவில்லை. ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் போனால் பெயர் இந்த வழியில் திரும்பி வரலாம். அப்படி அழிக்கப்படும் பெயருக்கு மீட்புக் காலமும் இல்லை, பெண்டிங் டிலீட்டும் இல்லை. உடனே விடுபட்டுவிடும், அப்போது போட்டி குறைவாக இருக்கலாம்.