மூச்சை அளந்து செய்யும் குழல்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: “புல்லாங்குழல் வாசித்த என் தம்பிக்கு விபத்தில் கழுத்து முண்ணாண் பாதிக்கப்பட்டு விரல்கள் இயங்கவில்லை. மூச்சால் மட்டும் வாசிக்க வழி உண்டா?”

உண்டு. மூச்சை உள்ளிழுக்கும் தசையான பிரிமென்றகட்டை இயக்குபவை கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகள். விரல்களுக்கான நரம்புகள் அவற்றுக்குக் கீழே கிளம்புகின்றன. எனவே காயம் 6ஆவதை அண்டியிருந்தால் விரல் போனாலும் மூச்சு தொடர்ந்து இயங்கும். ஆனால் பலமாக ஊத வயிற்றுத் தசைகள் வேண்டும். அவற்றின் நரம்புகள் இன்னும் கீழே இருப்பதால் ஊதும் வலு குறைந்திருக்கும். ஆகவே முதலில் ஆளை அளக்க வேண்டும், பிறகுதான் கருவி.

அளப்பது எளிது. குழாயொன்றைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் இறக்கி ஊதச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழம்வரை குமிழி வருகிறதோ அதுவே அவரது அமுக்கம். 10 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இனிக் கருவி. ஊதும் அமுக்கத்தை மின் அளவாக மாற்றும் எம்பிஎக்ஸ் 5010 என்ற உணரி 5 வோல்ற்றில் இயங்கும். ஊதாதபோது 0.2 வோல்ற்று தரும். ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 0.45 கூடும். 1 கிலோபாஸ்கல்தான் ஊத முடிபவருக்கு அதை வாசிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் 92 படிகள் கிடைக்கும். அதை, மின்னிசைக் கருவிகளும் கணினியும் சுரங்களைப் பரிமாறும் முறையான மிடியின் 127 படிகளுக்கு நீட்டுவது நிரலின் வேலை. ஆர்டுயினோ வகைகளில் ஊனோ பலகையை வாங்காதீர்கள். லியனார்டோ யூஎஸ்பி வழியே தன்னை நேரடியாக மிடிக் கருவியாகக் காட்டிக்கொள்ளும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி: கசிவு. குழாயை முழுக்க மூடி உணரியில் பொருத்தினால் காற்றுக்குப் போக்கிடமில்லை. சுவரில் ஊதியது போலிருக்கும், சுரம் அடங்க மறுக்கும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் டி இணைப்பும் காற்றுக் குழாயைத் திருகி அடைக்கும் சிறு வால்வும் இதைத் தீர்க்கும். வாய்க்கு அருகில் டி. ஒரு கிளை வால்வுக்கு, மற்றது உணரிக்கு. வால்வை அதிகமாகத் திறந்தால் மூச்சு ஓடிவிடும், அமுக்கம் ஏறாது. ஒரு சுரத்தை 4 விநாடி தாங்கக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள். சிறு துவாரத்தில் காற்றோட்டம் இரட்டித்தால் அமுக்கம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் நிரலில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எடுத்ததும், மெல்ல ஊதினால் மெல்ல, கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம் என்று ஒலி மூச்சோடு சேர்ந்து நடப்பதைக் கேட்பது பேரின்பம்.

எச்சில் இதன் பெரிய எதிரி. உணரி உலர்ந்த காற்றுக்கானது. அதை வாய்க்கு மேலே, 30 சென்ரிமீற்றர் குழாயின் முனையில் வையுங்கள். சுரம் தொடங்க 10 படி, நிற்க 6 படி என்று இரு எல்லைகள் வையுங்கள். ஒரே எல்லை என்றால் ஒலி விட்டுவிட்டு நடுங்கும்.

சுரத்தைத் தெரிவுசெய்வது தலைச் சாய்வு. கழுத்தை அசைக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பின்பே இதைத் தொடங்குங்கள். தொப்பியில் சாய்வை அளக்கும் எம்பியூ 6050 சில்லு. மோகனத்தின் ச ரி க ப த ச ஆறுக்கும் தலா 6 பாகை. சக்கர நாற்காலி சரிவில் நின்றால் அளவு பிசகும். மறுபடி நடுப்படுத்த ஒரு பொத்தான் வேண்டும்.

இத்தகைய காயங்களை முற்பிறவி வினை என்று பேசி ஒதுங்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. நரம்பின் காயத்தை வினையாக்குவது கொடுமை. பல்கலைக்கழகங்கள் இத்தகைய கருவிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு என்பதால் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது போதாது.

போத்தல் அளவை மாதம் ஒருமுறை திரும்ப எடுங்கள். மூச்சு கூடியிருந்தால் நிரலில் எண்ணை மாற்றுங்கள்.