வாசல் வளையத்தில் கோத்த குண்டுமணி

‘மலர்வளையம்’ என்றதும் நம்மில் பலருக்குச் செத்தவீடுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே நத்தாருக்குத் தலைவாசலில் மாட்டுவதை எங்கள் வீட்டில் ‘கதவு வளையம்’ என்றே சொல்கிறோம். குளிர்நாடுகளில் ஊசியிலைக் கிளைகளாலும் ஹொலிச் செடியின் சிவப்புப் பழங்களாலும் செய்யப்படும் இவ்வளையத்துக்கு, மட்டக்களப்புக் கரையோரத்தில் ஊசியிலைக்கு ஈடாகச் சவுக்குக் கிளை இருக்கிறது. சிவப்புக்குத்தான் ஆளுக்கொரு மாற்றுத் தேடுகிறார்கள். வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் அந்தச் சிவப்பைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாத அடைமழைக்குள், ஓயாத வாந்தியோடு மூன்று வயதுப் பிள்ளையொன்றைத் தூக்கிவந்தார்கள். கூட வந்த அம்மம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குண்டுமணிகளை என் மேசையில் அவிழ்த்துக் கொட்டினார். செக்கச்சிவந்த மணிகள், கரும்பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி போன சிறு துளை. கதவு வளையத்தில் பழக்கொத்துப் போலக் கோத்துக் கட்டியிருந்த சரம் அறுந்து, மணிகள் வாசற்படியில் சிதறியிருக்கின்றன. “தங்கம் நிறுக்கிற மணிதானே டொக்டர், அது என்ன செய்யும்? ஊசியைச் சுடவைத்து ஓட்டை போட்டதும் நான்தான்” என்றார்.

அந்த ஓட்டையில்தான் ஆபத்து இருந்தது. குண்டுமணியின் மேற்தோல் மிகக் கடினமானது. முழுதாக விழுங்கப்பட்ட மணி பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். துளையிட்டாலோ, கடித்தாலோ, நொறுக்கினாலோ உள்ளிருக்கும் ஏப்ரின் என்ற நஞ்சு வெளிப்பட்டு, உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதையே நிறுத்திவிடுகிறது. அறிகுறிகள் சில மணி நேரத்திலும் தொடங்கலாம், ஓரிரு நாட்கள் தாமதித்தும் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், அவற்றால் உடல்நீர் வற்றுதல் என்று அது வளரும். இதற்கென்று மாற்றுமருந்து இல்லை. சேலைன் ஏற்றிக் கண்காணிப்பதே சிகிச்சை. அந்தப் பிள்ளை நான்கு நாட்களில் வீடு திரும்பியது.

வளையத்தைக் கைவிடச் சொல்லவில்லை. தென்னை ஈர்க்குகளை ஒரு பிடி எடுத்து, இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, வாளியின் வாயைச் சுற்றி வளைத்துச் சணல்நூலால் இறுக்கிக் கட்டினால் உறுதியான வளையம் கிடைக்கும். அதன்மேல் சவுக்குக் கிளைகளை ஒரே திசையில், முந்தைய காம்பை அடுத்த நுனி மறைக்கும்படி வைத்துக் கட்டவேண்டும். சிவப்புக்கு, சாயத்தில் கொதிக்கவைத்து உலர்த்திய பனையோலைக் கீற்றைச் சிறு முடிச்சுகளாக முடிந்து, ஈர்க்கோடு சேர்த்தே கட்டிவிடலாம். கோழிக்கொண்டையும் வாடாமல்லிகையும் காய்ந்தும் நிறம் தாங்கும். செவ்வரத்தை ஒரு நாளுக்குமேல் நிற்காது. மழைக்கால ஈரத்தில் ஒட்டுப்பசையும் மெல்லிய நூலும் தளர்ந்துவிடுவதால், எதையும் ஒட்டாமல் கட்டுவதே நல்லது.

குண்டுமணிக்கு அப்பால், மழைக்காலத்தில் கண்ணைப் பறிக்கும் கார்த்திகைப்பூவின் எல்லாப் பாகங்களிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு; கிழங்கில் அது மிக அதிகம். மஞ்சள் அலரி இதயத் துடிப்பையே குலைக்கும். காய்ந்த பின்னும் அதன் நஞ்சு போவதில்லை. எருக்கலம்பால் கண்ணில் பட்டால், பெரிய வலியில்லாமலே பார்வை மங்கலாம். வேடிக்கை என்னவென்றால், பலர் அஞ்சி ஒதுக்கும் பொயின்செட்டியா என்ற சிவப்பு இலை நத்தார்ச் செடி இவற்றோடு ஒப்பிடுகையில் சாதுவானது. அதன் பால் தோலையும் வயிற்றையும் சற்று உறுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

பிள்ளை எதையேனும் மென்றதாகச் சந்தேகம் எழுந்தால், உப்புத்தண்ணீர் பருக்கியோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயில் எஞ்சியதை வழித்தெடுத்துவிட்டு, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் இலங்கையில் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கலாம். மெல்லப்பட்ட விதையிலோ பூவிலோ கொஞ்சம் கையோடு கொண்டுவாருங்கள். அன்று அந்த அம்மம்மா சேலைத் தலைப்பை அவிழ்த்ததும், வேறெதையும் கேட்டு நேரத்தைப் போக்காமல் எங்களால் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது.