சூடானால் நின்றுபோகும் பழைய வண்டி: கோளாறைப் பிடிப்பது எப்படி?

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் பிசகில்லாமல் ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் சிக்னலில் நிற்கும்போதோ மேடு ஏறும்போதோ அணைந்துவிடும். அதன்பிறகு எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறியிருக்கும். அவர் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களை இந்த அளவுக்கு அலைக்கழிக்கும் கோளாறுகள் குறைவு.

ஆறிய வண்டியில் எதுவும் அகப்படாததால், பாகங்களைக் குருட்டாம்போக்கில் மாற்ற ஆரம்பிப்பார்கள். முதலில் பிளக், பிறகு ஃபில்டர், அப்புறம் பம்ப். அத்தனைக்கும் பிறகு வண்டி மறுபடி நிற்கும். சூட்டில் மட்டும் வரும் கோளாறைச் சூட்டில்தான் தேட வேண்டும். வண்டி நின்ற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்யும் இரண்டு சோதனைகள், ஆறிய பிறகு செய்யும் இருபது சோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா, அல்லது வழக்கமான சூட்டிலேயே நிற்கிறதா? நீரால் குளிரும் இன்ஜின் சாதாரணமாகவே 90 டிகிரி செல்சியஸையொட்டி இயங்கும். டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது என்றால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், விசிறி என்று வேறு பக்கம் தேட வேண்டும். அந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டால் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும். நாம் இங்கே பார்ப்பது, முள் நடுவில் நிற்கும்போதே அணைந்துவிடும் வண்டியை.

நின்ற விதமே பாதி விடை. சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றதென்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இழுவை குறைந்து, திக்கித் திணறி, உயிர் போவதுபோல நின்றதென்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் நேர்மாறு: தேவைக்கு அதிகமாக வந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்பதை வண்டி ஓட்டியவர்தான் சொல்ல முடியும். நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பு இதைத்தான் கேட்பார்.

பெட்ரோல் பக்கம் முதலில் வருவோம். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. தண்ணீரைப்போல ஒரே வெப்பநிலையில் அது கொதிப்பதில்லை. அதிலுள்ள லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். கனமானவை போக 200 டிகிரி வரை ஆகும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் டாங்க் பின்னால் இருக்கும், பம்ப் முன்னால் இன்ஜினோடு ஒட்டியிருக்கும். அந்தப் பம்ப் பெட்ரோலை நீண்ட குழாய் வழியாக உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. அந்தக் குழாய் சூடான இன்ஜினுக்கும் சைலன்சர் குழாய்க்கும் பக்கத்தில் போனால் உள்ளேயே குமிழி கட்டிவிடும். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப், ஆவியை நசுக்கி விரித்துக்கொண்டே இருக்கும். எதுவும் முன்னே போகாது. இதுதான் வேப்பர் லாக்.

பெட்ரோலைப் பீச்சித் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இது அரிது. அவற்றின் பம்ப் பெரும்பாலும் டாங்குக்குள்ளேயே இருந்து, இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்.

வண்டியை நிறுத்திய பிறகு பானெட்டுக்குள் சூடு குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. விசிறியும் கூலன்ட் ஓட்டமும் காற்றும் நின்றுவிட, இன்ஜினில் தேங்கிய சூடு மேலே ஏறி, முதல் சில நிமிடங்களுக்குக் கார்புரேட்டர் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். அதிலுள்ள பெட்ரோல் கொதித்து, சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வழியும். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாமல், ஒரு மணி நேரம் கழித்து வந்தால் சாதுவாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் கூடுதல் காற்று உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடிப்பான கேஸ்கெட் வைப்பதும், குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதும் நிரந்தரத் தீர்வுகள்.

சூட்டின்மீது வீண்பழி விழும் ஒரு கோளாறும் உண்டு. டாங்க் மூடியில் காற்று உள்ளே போகும் சிறு துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் உருவாகி, அரைமணி ஓட்டத்தில் வண்டி நிற்கும். ஆறினால் சரியாகும், ஏனென்றால் அதற்குள் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போயிருக்கும். நின்ற உடனே டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஓடினால் வேலை முடிந்தது. செலவே இல்லாத சோதனை என்பதால் நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

சரி, சட்டென்று நிற்கும் வண்டிக்கு வருவோம். இக்னிஷன் காயில் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. உள்ளே மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே எனாமல் பூச்சு மட்டுமே. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறிவிடுகிறது. நல்ல காயில் இதைத் தாங்கும். பூச்சில் விரிசல் விட்ட காயிலோ, சூட்டில் கம்பி விரியும்போது உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். ஆறியதும் விரிசல் ஒட்டிக்கொள்ளும், மல்டிமீட்டரில் அளவும் சரியாகவே காட்டும். காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில், அதோடு சேர்ந்த கண்டென்சரும் இதே பாணியில் ஏமாற்றும்.

இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் இன்னும் நுணுக்கமானது. காந்தத்தைச் சுற்றிய தலைமுடி போன்ற கம்பி, இன்ஜின் பிளாக்கின் சூட்டிலேயே வருடக்கணக்கில் இருக்கிறது. அது எங்காவது அறுந்து நுனிகள் தொட்டுக்கொண்டிருந்தால், சூட்டில் விலகும், ஆறினால் சேரும். அந்தச் சிக்னல் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது. பொறியையும் பெட்ரோலையும் சேர்த்தே நிறுத்திவிடும். வண்டி நின்றபின் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் இன்ஜின் சுற்றியும் முள் சற்றும் அசையாவிட்டால் சந்தேகம் முதலில் இந்தச் சென்சார்மேல் விழ வேண்டும். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் தரும் சுவிட்சான ரிலேயில் சால்டர் விரிசல் விட்டிருப்பதும் இதே குணத்தைக் காட்டும். சாவி போட்டதும் டாங்கிலிருந்து வரும் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்காது.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக் வயரைக் கையில் பிடிப்பது ஆபத்து. இடைவெளி சரிசெய்யும் ஸ்பார்க் டெஸ்டர் போதும். வெளிக்காற்றில் குதிக்கும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் குதிக்காமல் போகலாம். அங்கே அதிக வோல்ட் வேண்டும். அதனால் டெஸ்டரில் அகலமான இடைவெளி வைத்துப் பார்ப்பது முக்கியம். நீலமாக, படீரென்ற சத்தத்தோடு வர வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி இருந்தும் பயனில்லை. பெட்ரோல் கசிவு உள்ள இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

சந்தேகம் ஒரு பாகத்தில் வந்து நின்றால், சூட்டையே சாட்சியாக்கலாம். வண்டி நின்றிருக்கும்போது அந்தப் பாகத்தை மட்டும் குளிர வையுங்கள்: மெக்கானிக்கல் பம்புக்கு ஈரத்துணி, மின் பாகங்களுக்குக் குளிர் ஸ்ப்ரே. உடனே பிடித்துக்கொண்டால் ஆள் அகப்பட்டாயிற்று. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடலாம். நேர்மாறாக, ஆறிய இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமுடி உலர்த்தும் டிரையரால் சென்சாரையோ பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூலையோ மட்டும் சூடாக்கிப் பார்க்கலாம்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் சூட்டில் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாதபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது) மட்டும் நிலைக்கவில்லை என்றால், ஆறிய ஸ்டார்ட்டுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வு இடைவெளி. இறுக்கமாக வைத்த வால்வு, சூட்டில் நீண்டு, முழுதாக மூடாமல் கம்ப்ரெஷனை விட்டுவிடும்.

பாகம் மாற்றியபின், முன்பு நின்ற அதே சூட்டில், அதே தூரம், அதே நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.