செம்புக் குழாயில் எர்த் வயர்: பிளாஸ்டிக் கலந்த வீட்டில் விதி என்ன சொல்கிறது?

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், பச்சையும் மஞ்சளும் கலந்த தடித்த வயர் ஒன்று செம்புக் குழாயில் கவ்வி வைத்து இறுக்கப்பட்டிருக்கும். அகற்றக்கூடாது என்று எச்சரிக்கும் சிறு தகடும் அதில் தொங்கும். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்ற வரும் பிளம்பர் அந்த வயரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து, கண்ணில் படும் செம்புத் துண்டுக்கெல்லாம் வயர் மாட்டுகிறார். இருவருமே தவறு செய்திருக்கலாம்.

பிரிட்டனில் வீட்டு மின் இணைப்புகளுக்கான விதிநூல் பி.எஸ். 7671. அதன் 18ஆம் பதிப்பு 2018இல் வெளிவந்தது; பிறகு திருத்தங்களும் வந்துள்ளன. மண்ணின் மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய உலோகப் பகுதி எதுவானாலும், அதை முதன்மை எர்த் முனையுடன் (வீட்டின் எர்த் வயர்கள் எல்லாம் வந்து சேரும் இடம்) இணைக்க வேண்டும் என்கிறது விதி. தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கட்டடத்தின் இரும்புச் சட்டம் எல்லாம் இதில் அடங்கும்.

காரணம் எளிது. சலவை இயந்திரத்தில் மின்பழுது ஏற்பட்டால் அதன் உலோக உடலில் மின்னழுத்தம் ஏறுகிறது. மண்ணுக்குள்ளிருந்து வரும் குழாயோ பூச்சியத்திலேயே நிற்கிறது. ஒரு கை இயந்திரத்திலும் மறு கை குழாயிலும் இருந்தால், இடையில் நிற்கும் மனித உடல்தான் மின்சாரத்துக்கு வழி. இரண்டையும் வயரால் பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும்; மின்சாரம் துண்டிக்கப்படும் வரை கைகளுக்கு இடையிலான வேறுபாடு சிறிதாகவே இருக்கும்.

ஆகவே, கேட்க வேண்டியது குழாய் செம்பா என்பதல்ல. அது மண்ணைத் தொட்டு வருகிறதா என்பதே. தெருவிலிருந்து நீல நிற பாலிஎத்திலீன் குழாய் வந்து, வீட்டுக்குள் செம்பு தொடங்கினால், அந்தச் செம்புக்கு மண்ணோடு தொடர்பு இல்லை. நுழையும் இடத்திலேயே மின்கடத்தாப் பகுதி இருக்கும் உலோகக் குழாயைப் பிணைக்கத் தேவையில்லை என்று 2018 பதிப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாதா என்று பலர் கேட்கிறார்கள். கடத்தும், ஆனால் மிகக் குறைவாக. 15 மி.மீ. பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிற்கும் குழாய்த் தண்ணீரின் மின்தடை ஏறக்குறைய ஒரு லட்சம் ஓம்.

எதற்கும் இருக்கட்டும் என்று வயர் மாட்டி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தனித்து நிற்கும் உலோகத்தை எர்த்துடன் இணைத்தால், இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்குகிறோம். பழுதான கருவியைத் தொட்டிருப்பவர் அந்த உலோகத்தையும் தொட்டால், இப்போது அது மின்சாரத்துக்கு வழிவிடும். வேறோர் இடத்தில் எழும் பழுது மின்னழுத்தமும் அந்த வயர் வழியாகக் குளியலறைக் குழாய் வரை வந்து சேரும்.

நுழைவது பிளாஸ்டிக் என்பதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடவும் முடியாது. தரைத்தளத்துக் கான்கிரீட்டுக்குள் செம்புக் குழாய் புதைந்திருந்தால் அது அங்கேயே மண்ணின் மின்னழுத்தத்தைப் பெறக்கூடும். அதனால் அளந்து பார்க்க வேண்டும். பிணைப்பு வயரையும், பாய்லர் போன்றவற்றின் வழியாக வரும் எர்த் தொடர்பையும் பிரித்துவிட்டு, குழாய்க்கும் முதன்மை எர்த் முனைக்கும் இடையிலுள்ள மின்தடையை மின்பணியாளர் அளப்பார். அது சுமார் 22,000 ஓமுக்கு மேல் இருந்தால் பிணைப்பு தேவையில்லை என்பது நடைமுறை. தொட்ட கையை விடுவிக்க முடியாமல் போகும் 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை வைத்துக் கணக்கிட்ட எல்லை அது.

தெருவிலிருந்து உலோகக் குழாயே வந்து, வீட்டுக்குள் சற்றுத் தூரம் ஓடிய பிறகு பிளாஸ்டிக் தொடங்கினால், அந்த உலோகப் பகுதியைப் பிணைத்தே ஆக வேண்டும். தண்ணீர் மீட்டர் வீட்டுக்குள் இருந்தால், அதைத் தாண்டி, கிளைக்குழாய் பிரிவதற்கு முன், இயன்றவரை 600 மி.மீ.க்குள் கவ்வி அமைய வேண்டும். பல வீடுகளுக்கு 10 சதுர மி.மீ. செம்பு வயர் தேவைப்படும். பிளாஸ்டிக்குக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் செம்புத் துண்டுகளைப் பாலம்போல வயரால் இணைக்கத் தேவையில்லை. எரிவாயுக் குழாயைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

இங்கிலாந்தில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓர் உரிமையைத் தருகின்றன. வீட்டு உரிமையாளர் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மின் இணைப்புகளைத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலை 28 நாட்களுக்குள் வாடகைதாரருக்குக் கொடுக்க வேண்டும். தேவையான பிணைப்பு இல்லையென்றால் பொதுவாக அது சி2, அதாவது ஆபத்து விளையக்கூடிய குறை என்று பதிவாகும். அதை 28 நாட்களுக்குள், அல்லது அறிக்கை அதைவிடக் குறைந்த கெடு விதித்திருந்தால் அதற்குள், சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் உள்ளூராட்சி மன்றத்திடம் முறையிடலாம். உங்கள் வீட்டு அறிக்கையில் தண்ணீர்க் குழாய்ப் பிணைப்பு பற்றிய குறிப்பு இருந்தால், குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அது எதனால் ஆனது, எத்தனை ஓம் காட்டியது என்று சோதித்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.