கம்பி தேயாமல் இருக்க கரி தேய்கிறது

"டிராமுக்கு மேலே ஒரே ஒரு கம்பிதானே ஓடுகிறது? ஒற்றைக் கம்பியில் மின்சாரம் எப்படிச் சுற்றி வரும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

இன்னொரு கம்பி காலடியில் இருக்கிறது. அதுதான் தண்டவாளம். கம்பியில் பெரும்பாலும் 600 அல்லது 750 வோல்ட் நேர்மின்சாரம். அது வண்டிக்குள் இறங்கி, மோட்டாரைச் சுழற்றி, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய், துணை மின்நிலையத்துக்குத் திரும்பிவிடும். ரப்பர் டயரில் ஓடும் டிராலிபஸ்ஸுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் அதற்கு மட்டும் இரண்டு கம்பிகள்.

அவரது இன்னொரு கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "நாள் முழுக்க உரசினால் கம்பி தேய்ந்து அறுந்துவிடாதா?"

1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் ஓட்டிய டிராம்களில், நீண்ட கழியின் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் கம்பியடியில் உருண்டது. இன்றைய டிராம்களில் பெரும்பாலும் கம்பியடியில் உருளுவது ஒன்றுமில்லை. கூரைமேல் மடங்கி நிமிரும் பாண்டோகிராஃப், ஸ்பிரிங் விசையால் ஒரு கரிப்பட்டையைக் கம்பியோடு அழுத்திக்கொண்டே வருகிறது. சாலை ஏறி இறங்கினாலும், கம்பி சற்றுத் தொய்ந்தாலும், அழுத்தம் பெரிதாக மாறாது.

ஏன் கரி? பென்சில் முனையை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு கறுப்புப் பூச்சு ஒட்டும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டில் கரி அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு பலமானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பலவீனமானது. உரசும்போது தாள்கள் நழுவிக் கம்பியில் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்புறம் உரசல் செம்புக்கும் கரிக்கும் இடையே அல்ல, கரிக்கும் கரிக்கும் இடையேதான். மின்சாரமும் தடையில்லாமல் பாய்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த நழுவலுக்குக் காற்றிலுள்ள ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில், ஜெனரேட்டர்களில் சுழலும் பகுதியை உரசி மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகள் மளமளவென்று பொடியாகிப்போயின. அங்கே காற்று அவ்வளவு வறண்டது. கிராஃபைட் தன் இயல்பாலேயே வழுக்குகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் உண்மை தெரிந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஆராய்கிறவர்களுக்கு நிதி ஒதுக்க யோசிப்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் ஒரு துளியாவது இவர்களுக்கும் போகட்டும்.

சரி, கரி மென்மையானது. கம்பி ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் ரம்பம்போல அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். அதனால் கம்பியை நேராகக் கட்டுவதே இல்லை. ஒரு கம்பத்தில் நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாக இழுத்துக் கட்டுவார்கள், அடுத்ததில் வலப்பக்கமாக. கீழிருந்து பார்க்கிறவருக்கு நேர்கோடுபோலத்தான் தெரியும். ஓடும் வண்டியின் கரிப்பட்டையையே உற்றுப் பார்த்தால், கம்பி தொடும் புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிதானமாக நகர்வது தெரியும். பட்டை முழுவதும் சமமாகத் தேய்கிறது. மெலிந்துபோனால், பணிமனையில் அதைக் கழற்றிப் புதிதை மாட்டிவிடுவார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீளும் செம்புக் கம்பி மிக மெதுவாகத்தான் தேயும், பல ஆண்டுகள் தாங்கும்.